வதந்திக்கு வாழ்வு எங்கே?

“ஊசி போட்டுக் கொண்டவர்கள் இரண்டே ஆண்டில் மாண்டு போவார்கள்!” 2021 மே மாதத்தில் கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்த செய்தி இது. நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு அறிஞர் லுக் மொன்டாக்னியேர் சொன்னதாக முத்திரையும் குத்தினார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. கெடுவும் முடிந்துவிட்டது, ஊசி போட்டுக் கொண்ட கோடிக்கணக்கானோர் நம் கண்ணெதிரே நடமாடுகிறார்கள். ஆனால் கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. மக்கள் ஏன் நம்பினார்கள்?

“படிப்பறிவில்லாத கூட்டம், நம்பாமல் என்ன செய்யும்?” என்கிறார்கள் மேட்டுக்குடியினர். அப்படியா? 2020 ஜூலையில், நோயை எதிர்க்கும் சக்தி தரும் என்று அப்பளத்துக்கு விளம்பரம் செய்தவர் யார்? ஒன்றிய அமைச்சர் அர்ஜுன் ராம் மேக்வால்! 2021 பிப்ரவரியில் பதஞ்சலியின் ‘கொரோனில்’ மேடையில் வீற்றிருந்தவர் யார்? ஒன்றிய சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தன். அவரே ஒரு டாக்டர்! இவர்கள் படிக்காதவர்களா? பட்டம் பெற்றவர்களே இப்படி நடந்து கொள்ளும் நாட்டில், பாட்டாளியின் தலையில் மட்டும் பழியைச் சுமத்துவது எந்த ஊர் நியாயம்?

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15-ல் சென்னை அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக் கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ந் தேதி மறைந்தார். இதய ரத்தக் குழாய் அடைப்பே காரணம், ஊசியல்ல என்று மருத்துவர்கள் உடனே சொன்னார்கள். ஒன்றிய அரசின் ஆய்வுக் குழுவும் அதையே சொன்னது, சொன்னதோ அக்டோபரில்! வதந்தி அதுவரை காத்திருக்குமா? காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் அதை வீடு தேடி வந்து விளக்க ஆளில்லாதபோது, பழத்தைத் தள்ளியது காகமே என்றுதான் பார்த்தவன் சொல்வான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வாருங்கள். உருக்காலைகளிலும் ரோலிங் மில்களிலும் பீகார், ஒரிசா, உத்தரப் பிரதேசத்துத் தோழர்கள் வெந்து மடிகிறார்கள். 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவித்து, நள்ளிரவிலேயே நாட்டைப் பூட்டியது டில்லி அரசு. கூலியில்லை, ரயிலில்லை. நடுத்தெருவில் விட்ட அதே அரசு, மறு ஆண்டு “ஊசி நல்லது, நம்பு” என்றால் நம்பிக்கை கடையிலா கிடைக்கும்? ஊசி போட்டால் ஓரிரு நாள் காய்ச்சல் வருவதுண்டு. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு அந்த இரண்டு நாளும் கூலி போச்சு! “ஊசி ஆளைப் படுக்க வைத்துவிடும்” என்ற பேச்சு அவனிடம் எடுபட்டதில் வியப்பென்ன? புளுகுக்குள் ஒரு பிடி உண்மை இருந்ததே!

அதே மே மாதம், பக்கத்து மாவட்டத்தைப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் தொழிலாளர்கள் 24-ந் தேதி வேலையை நிறுத்தி உட்கார்ந்தார்கள். ஒரகடம் ரெனோ-நிசான் தொழிற்சங்கம் உயர்நீதிமன்றப் படியேறியது. தமிழகத்தில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்றிய நேரம் அது. அவர்களுக்கும் அச்சம் இருந்தது. ஆனால் சங்கம் இருந்ததால் அச்சம் கோரிக்கையாயிற்று. சங்கமில்லாத கொட்டகையில் அதே அச்சம் வதந்தியாயிற்று! வேறுபாடு இவ்வளவுதான்.

அம்மை குத்த வந்தவரைக் கண்டு ஓடி ஒளிந்த ஊர்கள் நம்முடையவை. “ஆத்தா கோபிப்பாள்” என்று கதவடைத்தவர்கள் நம் பாட்டிமார். ஆயினும் 1975-க்குப் பின் இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980-ல் உலகிலேயே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஏசியா சாதித்தார்கள்? வீடு வீடாய், மறுபடி மறுபடி போய்த்தான் சாதித்தார்கள்.

கொரோனாவுக்கு அரசுக் கணக்கிலேயே தமிழகம் 38,000-க்கு மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்தது. அடுத்த கொள்ளை நோய் தேதி சொல்லிக்கொண்டு வராது. ஆகவே இப்போதே வேண்டும்: தடுப்பூசிக்கும் அதையொட்டிய காய்ச்சலுக்கும் கூலியோடு விடுப்பு, ஆலை வாயிலுக்கே வரும் ஈ.எஸ்.ஐ. டாக்டர், இந்தியிலும் ஒரியாவிலும் விளக்கம். இவற்றைக் கேட்டுப் பெறுவது சங்கத்தின் வேலை.

தோழர்களே, வதந்தியைச் சொல்பவனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். சிரித்தால் அவன் வாய் மூடுவான், மனம் மாறாது. பக்கத்தில் உட்கார்ந்து, “உனக்கு என்ன பயம்?” என்று கேளுங்கள். நம்பிக் கேட்க ஆளிருக்கும் இடத்தில் வதந்திக்கு வாழ்வில்லை. அந்த ஆளாக நாம் இருக்க வேண்டும்.