காலையில் ஆழ்கடல், மாலையில் நமுனுகுல

சென்ற கிழமை ஒரு பயண நிரல் என் பார்வைக்கு வந்தது. கனடாவில் வாழும் தமிழ்க் குடும்பமொன்றுக்காகக் கொழும்பு முகவர் ஒருவர் தயாரித்துக் கொடுத்தது. முகவரின் பெயர் இங்கே தேவையில்லை. இப்படி நிரல் போடுகிறவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். ஆறாம் நாள் காலை பாசிக்குடாக் கடலில் இரண்டு ஸ்கூபா சுழியோட்டங்கள். மதிய உணவு. அதன்பின் செங்கலடி - பதுளை வீதியால் வானில் எல்ல. ஏழாம் நாள் விடியற்காலை நமுனுகுல உச்சியில் சூரியோதயம். பளபளப்பான தாள், வண்ணப் படங்கள், கடைசிப் பக்கத்தில் வாழ்த்து. குடும்பத் தலைவர் என்னிடம் கேட்டிருந்த ஒரே கேள்வி, நமுனுகுலயில் அட்டைக்கடி அதிகமா என்பதுதான்.

அட்டை உண்டு, உப்பும் சவர்க்காரமும் போதும் என்று பதில் எழுதினேன். கூடவே, ஆறாம் நாளையும் ஏழாம் நாளையும் கிழித்துப் போடுங்கள் என்றும் எழுதினேன். ஏன் என்று அவர் கேட்டார். அவருக்குத் தனியாக எழுதியதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இவ்விடயத்தை நமது சுற்றுலாத் துறையில் எவரும் உரத்துப் பேசுவதாகத் தெரியவில்லை. பேசினால் பொதி விற்காது என்று பயம் போலும்.

கடலுக்குள் ஒவ்வொரு பத்து மீற்றர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டலத்தின் அளவு அமுக்கம் கூடுகிறது. பதினெட்டு மீற்றரில், அதாவது ஆரம்பநிலைச் சான்றிதழ் பெற்ற ஒருவர் இறங்கக்கூடிய எல்லையில், உடலை அழுத்தும் அமுக்கம் கரையில் இருப்பதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. முதுகிலுள்ள சிலிண்டரிலிருந்து அதே அமுக்கத்தில் காற்றைச் சுவாசிக்கிறார். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். அது உடலுக்கு உதவுவதில்லை. இரத்தத்திலும் இழையங்களிலும் கரைந்து தங்குகிறது. மேலே வந்தபின் மணிக்கணக்காக, மெல்ல மெல்ல, சுவாசத்தின் வழியே வெளியேறுகிறது. வெளியேறி முடியுமுன் புற அமுக்கத்தைச் சடுதியாகக் குறைத்தால் என்ன நடக்கும்? சோடாப் போத்தலைத் திறந்து பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. குமிழி மூட்டில் கட்டினால் வலி. முள்ளந்தண்டில் கட்டினால் கால் வழங்காமற் போகும். மூளைக்குப் போனால் அதற்கப்பால் சொல்ல வேண்டியதில்லை. அமுக்கநீக்க நோய் என்று இதைச் சொல்லலாம். 'பெண்ட்ஸ்' என்ற பெயரே உலகெங்கும் வழங்குகிறது. நியூயோர்க்கின் புரூக்ளின் பாலத்துக்கு அத்திவாரமிட ஆற்றடியில், அமுக்கக் காற்று நிரப்பிய பெட்டிகளுக்குள் வேலைசெய்த கூலிகளை வாட்டியது இதுதான். பாலத்தின் பொறியியலாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கும் இதனாலேயே முடமானார். 1908 இல் ஸ்கொட்லாந்து விஞ்ஞானி ஹோல்டேன், பிரிட்டிஷ் கடற்படைக்காக ஆடுகளை வைத்துச் சோதித்து, சுழியோடி எந்த வேகத்தில் மேலே வரவேண்டும் என்பதற்கு அட்டவணை தந்தார். ஆக இது நேற்றுக் கண்டுபிடித்த சங்கதியல்ல.

நீருக்குள்ளிருந்து மெதுவாக மேலே வா என்பதை எல்லாப் பயிற்றுநர்களும் கற்பிக்கிறார்கள். விமானம் ஏறுமுன் காத்திரு என்பதையும் சொல்லிவிடுகிறார்கள். 2002 இல் அமெரிக்காவில் கூடிய நிபுணர்கள் வகுத்த நெறி இன்றும் உலகெங்கும் பின்பற்றப்படுகிறது: ஒரேயொரு சாதாரணச் சுழியோட்டமென்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒரே நாளில் பலமுறை அல்லது பல நாள் தொடர்ந்து இறங்கினால் குறைந்தது 18 மணி நேரம், மேலே வரும் வழியில் கட்டாயமாகத் தரித்து நிற்க வேண்டிய ஆழமான சுழியோட்டமென்றால் அதைவிடக் கணிசமாகக் கூடுதல். பலரும் 24 மணி நேரம் என்று வட்டமாக வைத்துக்கொள்கிறார்கள்.

இங்கேதான் நமது முகவர்களின் கண்ணுக்குத் தெரியாத மலை குறுக்கே நிற்கிறது. அந்த நெறி, 2,000 அடி முதல் 8,000 அடி வரையான உயரத்தின் அமுக்கத்தை மனதில் கொண்டு எழுதப்பட்டது. விமானத்தின் உட்புறம் அந்த அளவில்தான் பேணப்படுகிறது. பதுளைப் பட்டினம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர், அதாவது 2,200 அடிக்கு மேல். எல்ல 1,041 மீற்றர். பண்டாரவளை அதற்கும் மேலே. நமுனுகுல உச்சி 2,036 மீற்றர், 6,680 அடி. நீண்டதூர விமானத்தின் ஆசனத்தில் நீங்கள் உணரும் அமுக்கமும் நமுனுகுல உச்சியில் நின்று உணரும் அமுக்கமும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே காலையில் பாசிக்குடாவில் சுழியோடியவரை அடுத்த விடியலில் நமுனுகுலயில் ஏற்றுவது, அவரை விமானத்தில் ஏற்றுவதற்குச் சமம். விமானத்தில் ஆசனத்தில் சாய்ந்திருப்பார். இங்கே மூச்சு வாங்க, தேயிலை மலைக்கும் காட்டுக்கும் ஊடாக ஏறுவார். கடும் உடலுழைப்பும் குமிழிக்கு உதவிதான்.

உடனே ஒரு பதில் வரும்: 'ஐயா, வான் மெதுவாகத்தானே ஏறுகிறது, விமானம் மாதிரியா?' நைதரசனுக்கு வானும் தெரியாது, விமானமும் தெரியாது. பாசிக்குடாவில் மதிய உணவு முடித்து வெளிக்கிட்டால் நான்கைந்து மணி நேரத்தில் பதுளை. பிபிலை வரை வெளியும் காடும். லுணுகலையை நெருங்க வளைவுகள் தொடங்கும், பசறையில் குளிர் தட்டும், பொழுதுபடும்போது எல்லயில் தேநீர். பன்னிரண்டு மணி நேரம் எங்கே, ஐந்து மணி நேரம் எங்கே?

இன்னொரு பதில், 'எத்தனையோ பேர் இப்படிப் போயிருக்கிறார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை' என்பது. பெரும்பாலோர் நலமாகவே திரும்புவார்கள் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றும் ஆகவில்லை என்று எப்படித் தெரியும்? எல்லயில் இரவு தோள்மூட்டு வலிக்கிறது என்றால், சிலிண்டர் தூக்கிய நோவு என்பார்கள். கை விறைக்கிறது என்றால் குளிர் என்பார்கள். தலை சுற்றினால் வளைவு வீதியில் வந்த மயக்கம். நம்மவர்களிடம் இருக்கவே இருக்கிறது, வாய்வு என்ற ஒரு சொல். இந்த இடத்தில் அது உண்மையிலேயே வாயுதான். பெருங்காயத்துக்கும் பூண்டுக்கும் அடங்கும் வாயுவல்ல என்பதே பிரச்சினை.

மூன்றாவது பதில்தான் எனக்கு ஆத்திரமூட்டுவது. 'வாடிக்கையாளர் கையொப்பம் இட்டிருக்கிறார்.' எதற்குக் கையொப்பம்? சுழியோடல் நிலையத்தின் படிவத்தில் ஆஸ்துமா உண்டா, இருதய நோய் உண்டா என்றெல்லாம் கேட்கிறார்கள். எப்போது விமானம் என்றும் சில இடங்களில் கேட்பார்கள். 'இன்றிரவு எங்கே நித்திரை?' என்று எவரும் கேட்பதாகக் காணோம். நிலையத்துக்காரருக்கு மலைப்பயணம் தெரியாது. முகவருக்குச் சுழியோடல் தெரியாது. வான் சாரதிக்கு இரண்டையும் எவரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பொறுப்பு மூவர் நடுவே விழுந்து கிடக்கிறது. ஏதும் நேர்ந்தால் அந்த இரவில் வாகனத்தை ஓட்டப்போவது சாரதிதான். பழியும் அவர் தலையில்தான் விடியும்.

கப்பல் பயணங்களைப் பார்த்தாவது நாம் படித்திருக்கலாம். ரொறொன்ரோத் தமிழர் பலர் இப்போது பனிக்காலத்தில் கரீபியன் சொகுசுக் கப்பல் ஏறுகிறார்கள். புளோரிடாவில் ஏறி, கொஸுமெல் போன்ற துறைகளில் இறங்கி, அரைநாள் சுழியோடி, மறுபடி கப்பலுக்கு. விவரமறிந்த சுழியோடிகள் அந்தப் பயணத்தைப் பின்னாலிருந்து முன்னாகத் திட்டமிடுகிறார்கள்: வீடு திரும்பும் விமானம் எத்தனை மணிக்கு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் கடைசியாக நீரில் இறங்கக்கூடிய துறை எது? அதற்குப் பிந்திய துறையில் கோட்டை பார்ப்பார்கள், கடைத்தெருவில் நடப்பார்கள். கொஸுமெலில் அமுக்க அறை வசதியும் உண்டு. கடலில் கப்பல் ஓடும் நாளே இயல்பான இடைவெளியாகிவிடுகிறது. இங்கும் கப்பல் வராமலில்லை. 2023 ஜூனில் சென்னையிலிருந்து கோர்டேலியா நிறுவனத்தின் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வந்தபோது பத்திரிகைகள் முதற்பக்கத்தில் எழுதின. அம்பாந்தோட்டையில் இறங்கினால் எல்ல ஒருநாள் உலா. திருகோணமலையில் இறங்கினால் புறாத்தீவுப் பவளப்பாறை. வரிசை எதுவென்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மலை முதலில், கடல் பிறகு என்றால் ஒரு சதம் செலவில்லை. ஒரே வீதிதான், ஒரே வான்தான், திசை மட்டும் மாறும்.

கிழக்குக் கடலின் பெருமையைக் குறைக்க இதை எழுதவில்லை. போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் தள்ளிய கோணேசர் கோவிலின் தூண்களை 1956 இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் சுழியோடிக் கண்டார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மஸ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால், ஐம்பது மீற்றருக்கும் அதிக ஆழத்தில் கிடக்கிறது. உல்லாசச் சுழியோடலின் எல்லை நாற்பது மீற்றர். ஹேர்மஸ் கைதேர்ந்தவர்களுக்கானது. அதைப் பார்த்து வந்தவர் அன்று மாலை மலைநாட்டுக்கு வான் பிடிப்பதென்பது விளையாட்டல்ல.

இதுவரை பேசியது காசுள்ளவர்களின் கதை. அவர்களிடம் காப்புறுதி இருக்கிறது, கேட்டறிய இணையம் இருக்கிறது. எனக்கு உறுத்துவது வேறு.

நமுனுகுலயிலிருந்தும் கனவரல்லயிலிருந்தும் பசறைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் நமது பையன்கள் பருவகாலத்தில் கிழக்குக் கரை ஹோட்டல்களுக்குப் போகிறார்கள். தோட்டச் சம்பளம் போதாமல் போகிறவர்கள். மேசை துடைப்பதில் தொடங்கி, படகில் சிலிண்டர் ஏற்றுவதற்குப் போய், சிலர் நீந்தக் கற்று, தாங்களும் கீழே இறங்குகிறார்கள். நங்கூரம் சிக்கினால் இறங்கு, வெள்ளைக்காரரின் கமரா விழுந்தால் இறங்கு. ஒரு நாளில் மூன்று தரம், நான்கு தரம். அப்படியொரு பையனைச் சென்ற வருடம் லயத்து வாசலில் கண்டேன். 'லீவு எப்படிடா கிடைக்கும்?' என்றேன். 'மத்தியானம் வரைக்கும் வேலை மாமா, அப்புறம் பஸ் ஏறினா ராத்திரிக்குள்ள வீடு' என்றான். தோளை நீவிக்கொண்டே சொன்னான். அவன் அம்மா தைலம் தேய்த்திருந்தார். அது சுமை தூக்கிய நோவாகவே இருக்கலாம். ஆனால் சுழியோடிய பிறகு மலையேறக் கூடாது என்று எவராவது உனக்குச் சொன்னார்களா என்று கேட்டபோது, அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். வெள்ளைக்காரருக்குச் சொல்வதைக் கேட்டிருக்கிறானாம். அது விமானத்தில் போகிறவர்களுக்குத்தானே என்றான்.

கரீபியன் கடலின் மறுமுகமும் இதுவே. சொகுசுக் கப்பல்கள் வலம்வரும் அதே கடலில், ஹொண்டுராஸின் மிஸ்கிட்டோ பழங்குடி இளைஞர்கள் சிங்கறால் பிடிக்கச் சுழியோடி, நாளுக்குப் பலமுறை இறங்கி ஏறி, முடமாகிப் போனார்கள். ஆழமானி இல்லை, பயிற்சி இல்லை; நோய் கண்டால் மருத்துவ வசதிக்குப் போய்ச் சேரவே நெடுநேரம். இறால் அமெரிக்க மேசைகளுக்குப் போனது. அவர்கள் வழக்கு 2021 இல் அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றத்தில் முடிந்தது. ஹொண்டுராஸ் அரசு தன் பொறுப்பை ஏற்று ஈடு செய்ய இணங்கியது. நம் வடபகுதியில் கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டர் கட்டி இறங்குகிறவர்களுக்கும் இந்நோய் புதிதல்ல. அவர்களாவது கரையில் குடியிருக்கிறார்கள். நமது பையன்களின் வீடோ மலையில் இருக்கிறது. லீவு என்றாலே அவர்களுக்கு ஏற்றம்தான்.

நோய் கண்டால் செய்யக்கூடியது கொஞ்சம். படுக்கவைத்துத் தூய ஒட்சிசன் கொடுக்க வேண்டும். 1990 இலக்க அம்புலன்ஸை அழைக்க வேண்டும். காலையில் கடலில் இறங்கினோம் என்ற ஒரு வாக்கியத்தை வைத்தியரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால், மலைநாட்டு வைத்தியசாலையில் யாருக்கு இந்த நோயின் நினைவு வரும்? அமுக்க அறைச் சிகிச்சைக்கு மீண்டும் கரைக்கே இறங்கவேண்டும். இந்நாட்டில் அதற்கு நாடப்படுவது கடற்படையைத்தான். நள்ளிரவில் எல்லயிலிருந்து திருகோணமலை எத்தனை மணி நேரம் என்று முகவர்கள் தங்கள் நிரலில் ஒரு வரி சேர்த்துப் பார்க்கட்டும்.

சுற்றுலா அதிகாரசபையிடம் நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. சுழியோடல் நிலையங்களுக்கு அனுமதி வழங்கும்போது படிவத்தில் அந்த ஒரு கேள்வியைக் கட்டாயமாக்குங்கள். மூன்று மொழியிலும் ஓர் அறிவிப்பைப் படகுத்துறையில் ஒட்டுங்கள். அதில் பதுளை, எல்ல, பண்டாரவளை, நுவரெலியா என்று ஊர்ப் பெயர்களை எழுதுங்கள். '2,000 அடி' என்றால் எவருக்கும் உறைக்காது. ஊழியருக்கு லீவு கொடுக்கும் முதலாளிமார், லீவுக்கு முந்திய நாள் அவரைக் கரை வேலையில் விடுங்கள். ஒரு நாள் சிலிண்டர் கழுவட்டும்.

கிழக்கின் பருவம் முடிந்து ஹோட்டல்கள் ஆளைக் குறைக்கும் வேளையில் தீபாவளியும் நெருங்கிவிடும். கடைசி நாள் என்று கூடுதலாக இரண்டு தரம் நீரில் இறங்கி, கையில் கிடைத்த காசுக்குப் பிள்ளைகளுக்கு உடுப்பு வாங்கிக்கொண்டு, செங்கலடிச் சந்தியில் பதுளை பஸ்ஸுக்குப் பையன்கள் காத்து நிற்பார்கள். கரையில் தெரிந்தவர்கள் இருப்பவர்கள் அந்த ஓர் இரவு அவர்களுக்குப் படுக்க இடம் கொடுங்கள்.