முள்ளெலிக்குப் பால் வேண்டாம்

முள்ளெலி என்றால் முள்ளம்பன்றி அன்று. இரு கைகளுக்குள் அடங்கிவிடும் சிறு பிராணி. இரவில் இரை தேடும் அது பட்டப்பகலில் புல்தரையில் அசையாமல் கிடந்தால், வெயில் காய்கிறதென்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலும் அதன் தேக ஸ்திதி அபாயத்தில் இருக்கிறது என்றே அர்த்தம்.

இங்கிலாந்தில் 1982-ல் முள்ளெலிகளைக் காப்பதற்கென்றே ஒரு சங்கம் ஏற்பட்டது. அத்தகைய தேசத்திலும், மனமிரங்கியவர்கள் கிண்ணத்தில் பால் வார்த்து வைப்பது நெடுநாள் வழக்கம். இரக்கம் மெய்தான், பலனோ விபரீதம்! பாலிலுள்ள சர்க்கரை அதன் குடலுக்கு ஒவ்வாது. பேதி கண்டு, ஏற்கனவே இளைத்த பிராணி இன்னும் சோர்ந்துவிடும்.

முதலில் வேண்டியது ஆகாரமன்று, சூடு. கனத்த கையுறை அணிந்து எடுத்து, உயரமான பெட்டியில் துணி விரித்து விட்டு, வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கிறார்கள். குடிக்கத் தண்ணீர். உடம்பு வெதுவெதுப்பான பிறகே பூனைகளுக்கென்று விற்கும் மாமிச உணவு. சுவாசப்பையில் புழு சேர்ந்து இருமுகிற முள்ளெலியானால் வீட்டு வைத்தியம் உதவாது. மிருக வைத்தியரிடம் போக வேண்டியதுதான்.

நம் தமிழ்நாட்டு வறண்ட காடுகளிலும் வேறொரு ஜாதி முள்ளெலி உண்டு. அதன் முள்ளைச் சுட்டுக் கக்குவான் இருமலுக்குக் கொடுக்கும் வழக்கம் இங்கே இருந்து வந்திருக்கிறது. அங்கே அதன் இருமலுக்கு நாம் மருந்து தேடுகிறோம். இங்கே நம் இருமலுக்கு அதுவே மருந்து!

இங்கிலாந்தில் இலையுதிர் கால முடிவில் 450 கிராம்கூட இல்லாத குட்டி, நீண்ட குளிர்காலத் தூக்கத்தில் பிழைப்பது அரிது. அதைத் தேற்றி, எடை ஏறிய பிறகு, எடுத்த இடத்திலேயே அந்தி வேளையில் விடுகிறார்கள். அது திரும்பிக்கூடப் பாராமல் வேலிக்குள் நுழைந்துவிடும்.