ஏழு லேயரும் ஒரு டிராஃபிக் ஜாமும்

கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பேப்பர் எழுதின எல்லாரும் ஓஎஸ்ஐ மாடலோட ஏழு லேயரையும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிச்சிடுவோம். ஞாபகம் வச்சுக்க 'ப்ளீஸ் டு நாட் த்ரோ சாசேஜ் பீட்சா அவே'ன்னு ஒரு வாக்கியம் வேற! ஆனா இணையம் ஓடுறது டிசிபி/ஐபியிலங்க. ஓஎஸ்ஐ மாடலை ஐஎஸ்ஓ வெளியிட்டது 1984ல. அர்ப்பாநெட் 1983 ஜனவரி 1 அன்னிக்கே டிசிபி/ஐபிக்கு மாறியாச்சு.

ஏழு லேயரே வேணாம்னு சொல்லலை. கேள்வியைச் சொல்லாம பதிலை மட்டும் மனப்பாடம் பண்ண வைக்கிறதுதான் எனக்குப் பிடிக்கலை.

என்னைக் கேட்டா முதல் வகுப்புல 1986 அக்டோபர் கதையைச் சொல்லணும். கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவுல 400 கஜம்தான் தூரம். விநாடிக்கு 32 கிலோபிட் போயிட்டிருந்த இணைப்பு 40 பிட்டுக்குப் படுத்துடுச்சு. கம்பி ஒண்ணும் அறுந்து போகலை. தொலைஞ்ச பாக்கெட்டை எல்லா மெஷினும் திரும்பத் திரும்ப அனுப்பி, நெரிசலை இன்னும் ஏத்திவிட்டுடுச்சு. நம்ம ஊர் சிக்னல்ல எல்லாரும் முண்டியடிக்கிற மாதிரியேதான்.

வான் ஜேக்கப்சன் 1988 கட்டுரையில சொன்ன வழி ரொம்ப எளிமை: மெதுவா ஆரம்பி, பாக்கெட் தொலைஞ்சா நீயே வேகத்தைக் குறைச்சுக்கோ.

இந்தக் கதையைக் கேட்ட பையன் 'ஸ்லோ ஸ்டார்ட்'டை மறக்கவே மாட்டான். லேயர் பேரை ஒப்பிச்சா ரெண்டு மார்க் வரும். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் இழுத்துக்கிட்டு நிக்கும்போது எங்கே தேடணும்னு அந்த ரெண்டு மார்க் சொல்லாது.

உங்க காலேஜ்ல எப்படி மக்கா நடத்தினாங்க?