ஓப்பன் பேப்பரும் உடனடிக் காசும்

"அப்பாவோட கதைக்கலாமோ தங்கச்சி?" படிவம் நிரப்பியது நான், தொலைபேசியில் கதைத்தது நான். ஆனாலும் முற்றத்தில் வந்து இறங்கியவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். அப்பா விறாந்தையில் இடது காலை நீட்டிக்கொண்டு இருந்தார். சலரோகப் புண் ஆறிவிட்டது, ஆனால் கியர் போட அந்தக் கால் இனி உதவாது. "அவளோட கதையுங்கோ தம்பி" என்றார்.

விற்க இருந்தது அப்பாவின் 2012 டிஸ்கவர் 125. கடைசி வருட ஆய்வுக் கட்டுரையின் நடுவில் என் லப்டொப் செத்துப்போனதால் அவசரம். பழைய வாகனம் வாங்கும் இணையச் சேவை ஒன்றுக்கு நாலு படமும் ஓடின கிலோமீற்றரும் அனுப்பினேன். பத்து நிமிசத்தில் பதில்: "310,000 ரூபா வரை." அந்த 'வரை'யை நான் கவனிக்கவே இல்லை. தமிழ் சிறப்புப் பாடம் படிக்கிறவள், வெட்கம்தான்.

வந்தவர் போன் ரோர்ச்சை அடித்து அடித்துப் பார்த்தார். செயின் செட் தேய்ஞ்சிட்டுது, முன் ஷொக்கில ஒயில் கசியுது, பின் ரயர் மாத்தோணும், எஞ்சினில சத்தம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கழிவு. கடைசியில் 215,000. ஏன் இவ்வளவு குறைவு எண்டு கேட்டதுக்கு, "இறக்குமதி திறந்தாச்சு தங்கச்சி, இனிப் பழசுக்கு விலை இல்லை" என்றார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினதால் பழைய மோட்டார் சைக்கிளின் விலை ஏறியது உண்மை. 2025இல் திறந்ததும் உண்மை. ஆனால் இதே வண்டியை நாளைக்கு இன்னொருவருக்கு விற்கும்போது, "புதுசின்ர விலையைக் கேட்டுப் பாருங்கோ, தொடேலாது" எண்டுதான் சொல்லப்போறார். வாங்க ஒரு நாக்கு, விற்க ஒரு நாக்கு.

பிறகு அவர் கேட்டது: "காசு அவசரமோ?" செயினையும் ரயரையும் பார்த்தது சும்மா. அவர் உண்மையில் சோதிக்க வந்தது என் அவசரத்தை. "இண்டைக்கே கையில காசு. நாளைக்கு இந்த விலை இருக்காது."

விலையைக்கூட நான் பொறுத்திருப்பேன். அடுத்து நீட்டினார் பாருங்கோ, அதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். உடைமை மாற்றப் படிவம். வாங்குபவரின் பெயர் வெறுமை, திகதி வெறுமை. அப்பா கையெழுத்து வைக்கவேணும், அடையாள அட்டைப் பிரதியும் குடுக்கவேணும். நாங்கள் எல்லோரும் சர்வசாதாரணமாகச் சொல்லும் ஓப்பன் பேப்பர்.

இதில் யாருக்கு லாபம்? புக்கில் இன்னொரு உடைமையாளரின் பெயர் ஏறினால் வண்டியின் மதிப்புக் குறையும், மாற்றக் கட்டணமும் போகும். அதனால் இடையில் வாங்கி விற்பவர் தன் பெயரை எங்கேயும் பதியமாட்டார். வண்டி மூன்று கை, நாலு கை மாறும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் மட்டும் அப்பாதான் இன்னும் உடைமையாளர். விபத்து நடந்தாலும் அந்த இலக்கத்தை வைத்து முதலில் தேடி வருவது எங்கள் வீட்டுக்குத்தான்.

யாழ்ப்பாணத்தில் இது சின்ன விசயம் இல்லை. வாள்வெட்டுக்குப் போறவை மோட்டார் சைக்கிளில்தான் போகினம். இரவு பொலிஸ் வந்து "இந்த நம்பர் உங்கட பெயரிலதானே?" என்று கேட்டால், "ஓன்லைனில வித்தனாங்கள், ஆருக்கெண்டு தெரியாது" என்ற பதிலைச் சொல்லிப் பாருங்கள். எங்கள் வீடுகளில் பொலிஸ் படலையைத் தட்டுவது என்றால் என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை.

"பழைய புரோக்கர்மாரும் இதைத்தானே செய்யினம், அவை என்ன தியாகிகளோ?" என்று சிநேகிதி ஒருத்தி கேட்டாள். சரிதான், புரோக்கரும் பொய் சொல்லுவார். ஆனால் அவரைச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் பிடித்துச் சண்டை பிடிக்கலாம். இந்தச் சேவைக்கு இருப்பது ஒரு கைத்தொலைபேசி இலக்கமும் சிரிக்கிற மஞ்சள் பொம்மையும் மட்டும். நவீனம் என்று நாங்கள் மயங்கினது படிவத்தின் வடிவுக்கு. உள்ளே இருப்பது அதே பழைய ஓப்பன் பேப்பர்.

உண்மையாகவே அவசரக்காரர் 215,000க்கும் குடுக்கத்தான் வேண்டியிருக்கும். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். குடுங்கோ, ஆனால் வாங்குபவரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் திகதியும் உங்கள் கண்முன்னால் நிரப்பப்படாமல் கையெழுத்து வைக்காதேங்கோ. கைமாறின திகதி, நேரம் எழுதி இரண்டு பேரும் ஒப்பமிட்ட கடிதம் ஒன்றை வைத்திருங்கள். நிரப்பின படிவத்தைப் படம் எடுங்கள். விற்றதைத் திணைக்களத்துக்கும் அறிவியுங்கள். சேவை நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் வாங்கினால் உங்கள் பெயரில் வாங்குங்கள்.

இதைத்தான் அவரிடமும் சொன்னேன். "கொம்பனி முறை அப்பிடி இல்லைத் தங்கச்சி" என்று ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பின்னேரம் ஒரு துணியை எடுத்து ராங்கியைத் துடைத்துக்கொண்டு இருந்தார். ஆய்வுக் கட்டுரையைச் சிநேகிதியின் லப்டொப்பில் இரவில் தட்டுகிறேன். டிஸ்கவர் இன்னும் மாமரத்தடியில்தான் நிற்கிறது. 280,000. பெயரை நிரப்பி எடுக்கிறவை வந்து பார்க்கலாம், பின் ரயர் மாத்தத்தான் வேணும்.