எண்ணும் பெயரும்

நெற்களத்தில் ‘ஐந்து’ என்று ஒருவன் கூவினால், கணக்கு எழுதுபவன் உடனே எழுதிவிடுவதில்லை. ஐந்து கலமா, ஐந்து மரக்காலா, ஐந்து மூட்டையா என்று கேட்டறிந்த பின்னரே எழுதுகோலை எடுப்பான். பன்னிரண்டு மரக்கால் கொண்டது ஒரு கலம். ஆதலின் வகையறியாது எழுதிய ஐந்து, கொடுப்போன் கொள்வோன் இருவருள் ஒருவனைக் கெடுத்தே தீரும். காவிரி நாட்டார் யாவரும் அறிந்த இவ்வுண்மை, கணிப்பொறியின் முன் அமர்ந்தவுடன் நம் மாணவர் பலருக்கு மறந்துபோகின்றது. இது குறித்து நம் அபிப்பிராயத்தைச் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றோம்.

‘ஆர்’ என்னும் புள்ளியியல் மொழி இக்காலத்துக் கலாசாலைகளிற் பெருவழக்காய் விட்டது. நியூசிலாந்து நாட்டு ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் என்னும் அறிஞர் இருவர் 1990-களின் தொடக்கத்தில் இதனை ஆக்கினர். அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்திற் பிறந்த ‘எஸ்’ என்னும் மொழி இதற்கு முன்னோடி. விலையின்றிக் கிடைப்பதாகலின் ஏழை மாணவனும் இதனைக் கற்றுப் பயன்கொள்ளலாம். இம்மொழியில் ஒவ்வொரு தரவுக்கும் ஒரு வகை உண்டு. எண் ஒரு வகை. எழுத்துத்தொடர் ஒரு வகை. மெய், பொய் என்னும் இரண்டே விடைகளைக் கொண்டது ஒரு வகை. நாள் ஒரு வகை. இனப்பெயர்களைத் தொகுத்து வைக்கும் ‘ஃபாக்டர்’ என்பது மற்றொரு வகை.

தமிழிலக்கணம் பயின்றார்க்கு இப்பாகுபாடு புதிதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரம் உயர்திணை, அஃறிணை என்னும் பாகுபாட்டைக் கூறியே தொடங்குகின்றது. திணை தெரிந்தாலன்றி எழுவாய்க்கு ஏற்ற பயனிலை அமையாது. அவ்வாறே தரவின் வகை தெரிந்தாலன்றி, அதனைக் கூட்டலாமா, வரிசைப்படுத்தலாமா, ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் செய்யலாமா என்பது விளங்காது. ஒரு வகையை வேறொரு வகையாக மாற்றுதலோ இம்மொழியில் ஒரு சொல்லளவான வேலை. அவ்வெளிமையிலேதான் ஆபத்து இருக்கின்றது.

கோடியக்கரையை எடுத்துக்கொள்வோம். 1967-ஆம் ஆண்டிலே வனவிலங்குச் சரணாலயமாக்கப்பட்டு, 2002-ஆம் ஆண்டிலே ராம்சர் உடன்படிக்கைப்படி உலகச் சிறப்புடைய ஈரநிலமென ஏற்கப்பட்ட இடம் அது. மழைக்காலத் தொடக்கமுதல் பங்குனி வரையில் பூநாரைகளும் உள்ளான்களும் பிற வலசைப் பறவைகளும் அங்குள்ள சேற்று நிலங்களிலும் உப்பளங்களிலும் வந்து கூடுகின்றன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் அவ்விடத்தே பல்லாண்டுகளாகப் பறவைகளைப் பிடித்து, காலிலே குறியீடு பொறித்த வளையமிட்டு, மீண்டும் பறக்கவிட்டு ஆராய்ந்து வந்துள்ளனர். பறவைகள் பெருகுகின்றனவா, அருகுகின்றனவா, ஈரநிலத்துக்கு நீர் போதுமா என்னும் வினாக்களுக்கெல்லாம் விடை இத்தகைய கணக்குகளிலேதான் உள்ளது. இப்பணியில் நம் மாணவரும் சேரக்கூடும். அவர் குறிப்பேடு கணிப்பொறிக்குள் புகுந்த பின் என்ன நேரக்கூடும் என்று பார்ப்போம்.

மாணவர் ஒருவர் நான்கு நாட் காலையிற் கண்ட பூநாரைகளைக் குறித்துவைத்தார் என்று கொள்க. முதல் நாள் 40. இரண்டாம் நாள் 1200. மூன்றாம் நாள் வெளியே செல்லவியலாமையால் ‘மழை’ என்று எழுதினார். நான்காம் நாள் 300. எண்களுக்கு நடுவே ஒரு சொல் புகுந்தமையால் அந்நிரல் முழுவதையும் கணிப்பொறி எழுத்தாகவே கொள்ளும். அதனை ‘ஃபாக்டர்’ ஆக்கினால், அகராதி முறைப்படி 1200, 300, 40, ‘மழை’ என அடுக்கி, அவற்றுக்கு முறையே 1, 2, 3, 4 என்னும் உட்குறிகளை அளிக்கும். பின்னர் மாணவர் ‘ஆஸ்.நியூமெரிக்’ என்னும் கட்டளையால் அந்நிரலை எண்ணாக்கும்போது வெளிப்படுவன அவ்வுட்குறிகளே. ஆயிரத்திருநூறு பறவைகள் வந்த நாள் ஒன்றாகிவிடுகின்றது. நாற்பதே வந்த நாள் மூன்றாகிவிடுகின்றது. எவரும் எண்ணச் செல்லாத மழைநாளோ நான்காகி எல்லா நாட்களுக்கும் தலைமை பெறுகின்றது! கூட்டினால் 1540 வரவேண்டிய இடத்தில் 10 வருகின்றது. எச்சரிக்கை ஒன்றும் தோன்றுவதில்லை. நான்கு வரிகளிலாயின் கண் பிடித்துவிடும். நாலாயிரம் வரிகளில் யார் பிடிப்பார்?

2020-ஆம் ஆண்டு வெளிவந்த 4.0.0 என்னும் பதிப்பிலிருந்து, கோப்பினைப் படிக்கும்போது எழுத்தைத் தானாகவே ‘ஃபாக்டர்’ ஆக்கும் பழைய வழக்கத்தை ‘ஆர்’ விட்டுவிட்டது. இஃது நற்செயலே. எனினும் பழைய கோப்புகளும் பழைய கட்டளைத் தொகுப்புகளும் இன்னும் கைம்மாறி வருகின்றன. அன்றியும், எழுத்தை நேரே எண்ணாக்கும் இடத்தும் ஒரு தொல்லை உண்டு. அங்கே 40, 1200, 300 என்பன செம்மையாக மாறும். ‘மழை’ மட்டும் ‘என்.ஏ.’ என்னும் இன்மைக் குறியாகும். ‘மாற்றத்தால் இன்மை விளைந்தது’ என்று மொழியும் எச்சரிக்கும். அவ்வெச்சரிக்கையை உபத்திரவமெனக் கருதி, இன்மைக் குறிகளையெல்லாம் சுழியமாக்கிவிடுவோர் உளர். எண்ணிய மூன்று நாட்களின் சராசரி 513. மழைநாளைச் சுழியமாக்கி நான்கால் வகுத்தாலோ 385. பறவை இல்லாமை வேறு. பார்ப்பார் இல்லாமை வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்குவது, தேர்வுக்கு வராத மாணவனுக்குச் சுழிய மதிப்பெண் இட்டு வகுப்பின் அறிவை அளப்பதை ஒக்கும்.

இனி, எண்போல் தோன்றும் பெயர்களைக் காண்போம். பறவையின் காலில் உள்ள வளையக் குறியீடு அதன் பெயரேயன்றி அளவன்று. 007 என்னும் குறியீட்டை எண்ணாக்கினால் முன்னின்ற சுழியங்கள் மறைந்து வெறும் 7 எஞ்சும். நடுவில் ஆங்கில ‘ஈ’ என்னும் எழுத்தைக் கொண்ட குறியீடுகளே நிரல் முழுதும் இருப்பின், அவற்றைப் பத்தின் அடுக்குகளாகக் கொள்வது இம்மொழியின் இயல்பு. 12ஈ5, 120ஈ4 என்னும் இரண்டும் பன்னிரண்டு லட்சமாகி, இரு பறவைகள் ஒரு பறவையாய்விடும். இடப்பெயர்களிடத்து இதற்கு நேர்மாறான இடர் உண்டு. கோடியக்கரை, கோடிக்கரை, பாயின்ட் காலிமியர் என்னும் மூன்றும் நமக்கு ஓரிடம். ‘ஃபாக்டர்’ ஆக்கும் கணிப்பொறிக்கு மூன்று இடம். 1991-ஆம் ஆண்டில் நாகப்பட்டினம் மாவட்டம் தனியே பிரிந்தமையால், அதற்கு முற்பட்ட குறிப்பு தஞ்சாவூர் என்றும் பிற்பட்டது நாகப்பட்டினம் என்றும் கூறும். நிலம் பெயரவில்லை, பெயரே மாறியது. இதனை எந்தப் பொறியும் தானே அறியாது.

நாளை மாற்றுவதோ இன்னும் நுட்பமானது. 05/12/2019 என்பது நமக்கு டிசம்பர் 5. அமெரிக்கர்க்கு மே 12. டிசம்பரில் வந்த வலசைப் பறவைகளை மே மாதத்துக் கோடை வெயிலில் நிற்கவைத்தால் ஆராய்ச்சியின் கதி என்னாவது? நாள், மாதம், ஆண்டு எவ்வரிசையில் உள்ளன என்று கூறாமல் ‘ஆர்’ மொழியிடம் இதனை ஒப்படைத்தால், ஆண்டே முதலில் நிற்பதாகக் கொண்டு, கி.பி. 5-ஆம் ஆண்டு டிசம்பர் 20 என்று விடை தரும். நகைப்புக்கிடமான இவ்விடையையும் அது சிறிதும் தயங்காமலே தருகின்றது.

இத்தகைய மயக்கம் மாணவர்க்கே உரியதன்று. ‘எக்செல்’ என்னும் கணக்கேடு, ‘மார்ச் 1’ முதலிய மரபணுக் குறியீடுகளைத் தேதிகளாக மாற்றிவந்தமையால், உயிரியல் ஆய்வுரைகள் பலவற்றோடு இணைத்த பட்டியல்களிற் பிழைகள் மலிந்தன. ஈற்றில், மனித மரபணுக்களுக்குப் பெயர் வரையறுக்கும் குழுவினர் 2020-ஆம் ஆண்டில் அம்மரபணுக்களின் குறியீட்டையே ‘மார்ச்எஃப் 1’ என்பது போல மாற்ற நேர்ந்தது. பொறியின் பழக்கத்துக்காகப் பொருளின் பெயரை மாற்றிய விந்தை இது.

‘மாற்றுதலைப் பொறியே பார்த்துக்கொள்ளட்டும், மாணவனுக்கு ஏன் இச்சுமை?’ என்பாரும் உளர். அவர் கூற்றில் ஓரளவு உண்மை இருக்கின்றது. மெய் என்பதை 1 எனவும் பொய் என்பதை 0 எனவும் இம்மொழி தானே கொள்வதால், பூநாரை தென்பட்ட நாட்கள் எத்தனை என்பதை ஒரே கூட்டலில் அறிகின்றோம். இங்கே பொருள் கெடவில்லை. ஆதலின் இம்மாற்றம் ஏற்புடையது. ஆனால் பொறி காண்பது வடிவத்தை மட்டுமே. ஓர் இலக்கத் தொகுதி அளவா, பெயரா, நாளா என்பதை அறிந்தவர் களத்தில் நின்று எழுதியவரே. அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுப் பொறியை நோவதிற் பயனில்லை.

ஆதலின் நாம் வேண்டுவது இதுவே. புள்ளியியல் வகுப்பில் சராசரியும் வரைபடமும் கற்பிக்கு முன்னர், தரவு வகைகளையும் அவற்றை மாற்றும் முறைகளையும் கற்பித்தல் வேண்டும். களத்துக்குச் செல்லும் மாணவர், எண்ணுக்கு ஒரு நிரலும் குறிப்புரைக்கு வேறொரு நிரலும் வகுத்துக்கொள்ள வேண்டும். ‘மழை’ என்பது குறிப்புரைக்கு உரியது. ‘ஃபாக்டர்’ ஆகிவிட்ட எண்ணை முதலில் ‘ஆஸ்.கேரக்டர்’ என்னும் கட்டளையால் எழுத்தாக்கி, அதன் பின்னரே எண்ணாக்க வேண்டும். நாளாயின் அதன் வரிசையைத் தாமே கூற வேண்டும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் மிகச் சிறியது, மிகப் பெரியது, இன்மைகளின் தொகை ஆகிய மூன்றையும் ஒப்புநோக்க வேண்டும். மூலக் கோப்பில் ஒருபோதும் கை வைத்தலாகாது. இவை யாவும் கால்மணி நேரத்து வேலை.

சைபீரியா முதலிய வடநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் பறந்து நம் கடற்கரையை அடையும் சிறு பறவைக்கு, அது வந்ததற்குச் சான்றாக நம்மிடத்தில் எஞ்சுவது குறிப்பேட்டின் ஒரு வரி. அவ்வரியில் உள்ளது எண்ணா, பெயரா என்று ஒருமுறை நின்று கேட்கும் பொறுமையை நம் மாணவர் பெறுவாராக. அப்பொறுமை இல்லாதவிடத்து, எத்துணை வேகமான பொறியும் பிழையை விரைவிற் பெருக்குதற்கே உதவும்.