வாரக் கடன் வருகிறது, தொழில் வளரவில்லை: தென்காசி வட்டாரப் பெண்களும் நம் ஜமாஅத்துகளும்

பெண்கள் கையில் கடன் கொடுத்தால் தொழில் வளரும், தொழில் வளர்ந்தால் ஊர் வளரும் என்ற பேச்சு வளரும் நாடுகளில் நாற்பது ஆண்டுகளாகக் கேட்கிறது. அது எவ்வளவு உண்மை என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், சிவகிரிக்கும் வாசுதேவநல்லூருக்கும் அருகே இருக்கும் ராயகிரி பேரூராட்சியையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் பார்த்தால் போதும். வடக்கே ராஜபாளையம், கிழக்கே சங்கரன்கோவில், தெற்கே புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி. இந்த வட்டாரத்தில் ஏழை, நடுத்தரக் குடும்பங்களில் பெண்கள் சம்பாதிக்காத வீடு குறைவு. வயல் வேலை, எலுமிச்சை பறிப்பது, தரம் பிரிப்பது, நூற்பாலை, விசைத்தறி, எல்லாவற்றுக்கும் மேலாக பீடி. உழைப்புக்குக் குறைவில்லை. ஆனால் தொழில் தன் பெயரில், விலை சொல்லும் உரிமை தன் கையில் என்று இருக்கும் பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பீடியையே எடுத்துக்கொள்வோம். மேலப்பாளையம் முதல் கடையநல்லூர் வரை நம் சமுதாயப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக மடியில் தட்டை வைத்துச் சுற்றிய தொழில் இது. பீடி சுற்றத் தெரிந்த பெண்ணா என்று கேட்டு வரன் பார்த்த காலமும் உண்டு. வெளியே போகாமல், வீட்டு வேலையையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டே சம்பாதிக்கலாம் என்பதால் பெரியவர்களும் தடுக்கவில்லை. கம்பெனியோ, இடையில் இருக்கும் ஏஜெண்டோ இலையும் தூளும் நூலும் கொடுப்பார். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. இலை மட்டமாக இருந்து எண்ணிக்கை குறைந்தால், சொந்தக் காசில் இலை வாங்கி ஈடுகட்ட வேண்டும். கடையில் கழித்துப் போட்ட பீடிக்குக் கூலி இல்லை. ஒரு நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்தால்தான் ஆயிரத்தை எட்ட முடியும். முதுகு வலியும் புகையிலைத் தூளால் வரும் இருமலும் தனிக் கணக்கு.

1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் இருந்து சுற்றுபவரையும் தொழிலாளி என்றே ஏற்றது. 1976இல் நல நிதிச் சட்டம் வந்தது. பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை, மருத்துவமனை, வீடு கட்ட உதவி எல்லாம் அந்த நிதியிலிருந்து வந்தவை. அதற்காகப் பீடி மீது வசூலிக்கப்பட்ட தனி வரி 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது நீக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் பீடி மீதான ஜிஎஸ்டியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகவும், இலை மீதான வரியை 18லிருந்து 5 ஆகவும் குறைக்க ஜிஎஸ்டி மன்றம் முடிவெடுத்தது. தொழிலைக் காப்பாற்றும் முடிவு என்று சிலர் வரவேற்றார்கள். சுற்றும் பெண்ணின் ஆயிரத்துக்கான கூலி அதனால் தானாக உயராது. புகைபிடிப்பதே கூடாது என்று ஆலிம்கள் பலர் சொல்லும்போது, சந்தையும் சுருங்கிவரும்போது, நம் பெண்களின் எதிர்காலத்தை இந்தத் தட்டின் மேல் கட்டிவைப்பது எந்த வகையில் நியாயம் என்பது தனியாகப் பேச வேண்டிய கேள்வி. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். மூலப்பொருள் அவளுடையது அல்ல, பெயர் அவளுடையது அல்ல, வாங்குபவர் யாரென்றே அவளுக்குத் தெரியாது. ஐம்பது ஆண்டு சுற்றினாலும் அவள் தொழிலதிபர் ஆக வழியில்லை.

அடுத்தது கடன். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு நிதி உதவியுடன் தொடங்கின. சேமிப்புப் பழக்கம், வங்கிக்குப் போகும் தைரியம், கூட்டத்தில் எழுந்து பேசும் துணிவு என்று அவை தந்த நன்மைகளை மறுக்க முடியாது. பின்னால் வந்த தனியார் நுண்கடன் நிறுவனங்களின் கதை வேறு. இவர்கள் வீட்டு வாசலுக்கே வந்து, ஆதார் அட்டையை வாங்கிக்கொண்டு, பத்துப் பெண்களை ஒருவருக்கொருவர் ஜாமீனாக்கிக் கடன் தருகிறார்கள். ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்குப் பிணையில்லாமல் தரும் கடன் நுண்கடன் ஆகும். தவணைகள் மொத்தமாகக் குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. ஆனால் வட்டிக்கு இருந்த உச்சவரம்பு அதே விதிகளில் எடுக்கப்பட்டுவிட்டது. 24 சதவீத வட்டியில் 40,000 ரூபாயை இரண்டு ஆண்டுத் தவணையில் வாங்கினால், திருப்பிக் கட்டுவது 50,700 ரூபாயைத் தாண்டும். வசூலுக்கு வருபவர்களின் மிரட்டல் அளவு மீறியதால்தான் தமிழக அரசு 2025இல் கட்டாய வசூலுக்கு எதிராகத் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

வட்டி ஹராம் என்று மிம்பரில் சொல்கிறோம். அதே மஹல்லாவில், பள்ளிவாசலுக்கு இரண்டு தெரு தள்ளி, வாரா வாரம் குழுக் கூட்டம் நடக்கிறது. அந்தப் பெண்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மாற்று என்று நாம் எதை வைத்திருந்தோம்?

சரி, வட்டியைத் தள்ளிவைத்துப் பொருளாதாரமாக மட்டும் பார்த்தால் இந்தக் கடன்கள் பெண்களை உயர்த்தினவா? ஹைதராபாத்தின் ஏழைப் பகுதிகளில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ குழுவினர் செய்த ஆய்வு 2015இல் வெளியானது. இவர்களுக்குத்தான் பின்னர் 2019இல் பொருளாதார நோபல் கிடைத்தது. ஏற்கெனவே தொழில் செய்துவந்தவர்களில் சிலர் முதலீட்டைப் பெருக்கினார்கள். ஆனால் குடும்பத்தின் மொத்தச் செலவிலோ, பிள்ளைகளின் கல்வியிலோ, வீட்டில் பெண்ணின் சொல்லுக்கு இருக்கும் மதிப்பிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. மொராக்கோ, எத்தியோப்பியா, போஸ்னியா, மெக்சிகோ, மங்கோலியா ஆகிய நாடுகளில் நடந்த ஆய்வுகளும் அதே ஆண்டில் ஏறக்குறைய இதையே சொல்லின.

இலங்கையில் நடந்த ஆய்வு நம் வீடுகளுக்கு இன்னும் நெருக்கமானது. சுனாமிக்குப் பிந்தைய ஆண்டுகளில் காலி, மாத்தறை, களுத்துறை மாவட்டங்களில் சிறு தொழில் செய்பவர்களுக்கு 10,000 அல்லது 20,000 இலங்கை ரூபாயை, திருப்பித் தர வேண்டாம் என்று சொல்லியே கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்களின் தொழிலில் லாபம் நன்றாக உயர்ந்தது. பெண்களின் தொழிலில் உயரவில்லை. பெண்களுக்கு வியாபாரம் வராது என்று முடிவு கட்ட இது போதுமென்று சிலர் நினைத்திருக்கலாம். 2019இல் வேறு ஆய்வாளர்கள் அதே புள்ளிவிவரங்களை இந்தியா, கானா தரவுகளுடன் சேர்த்து மீண்டும் பார்த்தபோது காரணம் தெரிந்தது. பெண்ணுக்குக் கொடுத்த பணம் கணவரின் தொழிலுக்குப் போயிருந்தது. வீட்டில் அந்தப் பெண் ஒருவரே தொழில் செய்பவராக இருந்த இடங்களில், அவர் ஈட்டிய லாபம் ஆணுக்குச் சளைத்ததாக இல்லை.

நம் ஊர்களிலும் இதுதான் நடக்கிறது. தையல் மிஷின் என்று எழுதி வாங்கிய கடன் ஆட்டோ தவணைக்கும், மருத்துவச் செலவுக்கும், மகளின் கல்யாணத்துக்கும் போகிறது. குடும்பத் தேவைக்குச் செலவிடுவதைத் தவறென்று சொல்லவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டவள் மனைவி, தவணை கேட்டு வருபவனுக்குப் பதில் சொல்பவளும் அவளே. ஆணின் சம்பாத்தியம் ஆணுக்கு, பெண்ணின் சம்பாத்தியம் பெண்ணுக்கு என்ற கருத்தைத் தரும் 4:32 வசனத்தை நிகாஹ் மேடைப் பேச்சுகளில் கேட்கிறோம். கடன் பத்திரம் வீட்டுக்குள் வரும்போது மறந்துவிடுகிறோம். அன்னை கதீஜா (ரலி) அவர்களைப் பெண் தொழில்முனைவோருக்கு முன்மாதிரியாகக் காட்டாத கட்டுரை இல்லை. அவர்களிடம் சொந்த முதல் இருந்தது. ஷாம் தேசத்துச் சந்தைக்குப் பொருளை எடுத்துச் செல்ல நம்பிக்கையான ஆளும் இருந்தார், லாபத்தில் பங்கு என்ற ஒப்பந்தமும் இருந்தது. இந்த மூன்றில் முதலை மட்டும், அதையும் வட்டிக்கு, கொடுத்துவிட்டு நம் பெண்களிடம் கதீஜா நாயகியைப் போல் ஆகச் சொல்கிறோம்.

சந்தை கையில் இல்லாவிட்டால் புகழ் பெற்ற கைத்தொழிலும் சோறு போடாது என்பதற்குப் பத்தமடை சாட்சி. சேரன்மகாதேவி அருகே இருக்கும் அந்த ஊரின் கோரைப் பாய்களை நெய்பவர்கள் பெரும்பாலும் நம் லெப்பைக் குடும்பங்களின் பெண்கள். பட்டுப்பாயின் மென்மை உலகறிந்தது, புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் நாட்கணக்கில் நெய்த பாய்க்கு விலை சொல்வது பெரும்பாலும் நெய்தவள் அல்ல. பிளாஸ்டிக் பாயும் விசைத்தறிப் பாயும் மலிவாக வந்த பிறகு, இளம் பெண்கள் இந்தத் தொழிலுக்கு வரத் தயங்குகிறார்கள்.

ராயகிரி வட்டாரத்துக்கு ஏற்ற தொழில்களை வெளியிலிருந்து யாரும் கண்டுபிடித்துத் தர வேண்டியதில்லை. புளியங்குடி எலுமிச்சைச் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. கோடையில் விலை ஏறும், வரத்து பெருகினால் பறிக்கும் கூலிக்கும் கட்டாது. அந்த நாட்களில் பழத்தை வாங்கி ஊறுகாயாகவும் சாறாகவும் மாற்றி வைக்கப் பெண்கள் குழு ஒன்று இருந்தால், விவசாயிக்கும் பயன், அவர்களுக்கும் வருமானம். சங்கரன்கோவில் விசைத்தறித் துணியை வாங்கித் தைத்து, தங்கள் பெயரிலேயே நைட்டியும் பர்தாவும் தொழுகை உடையும் விற்கலாம். இதற்குத் தனிப்பட்ட கடனைவிடப் பொதுவான ஒரு கூடம், நல்ல மிஷின்கள், உணவுப் பாதுகாப்புப் பதிவு, கேரளச் சந்தைக்கும் வளைகுடாவில் இருக்கும் நம்மவர் கடைகளுக்கும் பொருளைச் சேர்க்க ஓர் ஆள் ஆகியவைதான் அவசியம். அந்த ஆள் பெண்ணாகவே இருந்தால் இன்னும் நல்லது.

முதல் எங்கிருந்து வரும்? பாகிஸ்தானில் 2001இல் லாகூரில் டாக்டர் அம்ஜத் சாகிப் தொடங்கிய ‘அகுவத்’ அமைப்பு, ஒரு விதவைப் பெண்ணுக்குக் கொடுத்த 10,000 ரூபாய் கர்ழ் ஹஸனுடன் ஆரம்பமானது. அவர் தையல் மிஷின் வாங்கி, சம்பாதித்து, ஆறே மாதத்தில் கடனை அடைத்தார். பள்ளிவாசல்களிலேயே கடன் வழங்குகிறார்கள், மாற்று மதத்தவருக்கும் கொடுக்கிறார்கள். 99 சதவீதத்துக்கு மேல் கடன் திரும்பி வருவதாக அமைப்பு கூறுகிறது. 2021இல் சாகிபுக்கு மகசேசே விருது கிடைத்தது. வட்டி இல்லாவிட்டால் யாரும் திருப்பித் தரமாட்டார்கள் என்று நம் ஊரில் சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். தவணையை எப்போது தொடங்குவது என்பதும் முக்கியம். கொல்கத்தாவில் நடந்த ஓர் ஆய்வில், இரண்டு வாரத்திலேயே தவணை கட்டியவர்களைவிட இரண்டு மாத அவகாசம் பெற்ற பெண்கள் தொழிலில் அதிகம் முதலிட்டார்கள், சில ஆண்டுகளில் லாபமும் கூடியது. கடன் தவறுவதும் ஓரளவு கூடியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த இழப்பைத் தாங்க முடியாத கடனாளிக்காக ஜகாத்தில் பங்கு ஒதுக்கியிருக்கிறது மார்க்கம் (9:60).

ஜகாத்தைப் பற்றி இன்னொன்று. ரமளானில் ஆளுக்கு ஒரு சேலை, ஐந்நூறு ரூபாய் என்று பிரித்துக் கொடுப்பதே நம் ஊர்களில் வழக்கம். தொழில் தெரிந்த ஏழைக்கு அவருடைய தொழிற்கருவிகளை வாங்கப் போதுமான அளவு ஜகாத் கொடுக்கலாம் என்று ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவி (ரஹ்) எழுதியிருக்கிறார்கள். நூறு சேலைகளின் காசில் சில நல்ல தையல் மிஷின்கள் வாங்கிவிடலாம்.

அரசுத் திட்டத்தையும் விட்டுவிடக் கூடாது. மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் உண்டு. விதவைகள், கைவிடப்பட்ட பெண்கள், முதியோர் ஆகியோருக்கு உதவுவதும் சிறுதொழில் தொடங்கக் கைகொடுப்பதும் அதன் நோக்கம். சமுதாயம் திரட்டும் நன்கொடைக்குச் சமமாக அரசு மானியம் தரும் என்று தொடங்கி, பின்னர் அது இரண்டு மடங்காக, ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் வரை என உயர்த்தப்பட்டது. அதாவது நாம் 10 லட்சம் திரட்டினால் 20 லட்சம் வரும், திரட்டாவிட்டால் எதுவும் வராது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதால் இந்த வட்டார ஜமாஅத்துகளுக்கு ஆட்சியர் அலுவலகமும் பக்கத்தில் வந்துவிட்டது.

எந்தத் திட்டத்துக்கும் முன்னால் ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு கணக்கெடுப்பு தேவை. எத்தனை வீடுகளில் வாரக் கடன் இருக்கிறது, எத்தனை நிறுவனங்களில், வட்டி எவ்வளவு, அந்தப் பணம் எதற்குச் செலவானது, வீட்டுப் பெண்களுக்கு என்ன தொழில் தெரியும். இதை ஷஃபான் மாதத்துக்குள் முடித்தால் ரமளான் ஜகாத்தைத் திட்டமிட முடியும். கணக்கெடுக்கப் பெண்களையே அனுப்ப வேண்டும். ஆண்கள் நோட்டுப் புத்தகத்துடன் போய் நின்றால், பாதிக் கடன் கணக்கிலேயே வராது.