செவிலியர் முகத்துக்குக் கவசம்

மனநோய் மருத்துவமனையில், மாத்திரை கொடுக்கக் குனியும் செவிலியின் கண்ணிலும் வாயிலும் தெறிக்கும்படி நோயாளி காறி உமிழ்வதை, உத்தியோகத்தில் இதெல்லாம் சகஜம் என்று மேலதிகாரிகள் ஒதுக்கிவிடுவது அநியாயம். அதற்குப் பரிகாரமென்று நோயாளியின் தலையில் உறை மாட்டுவதோ, மூச்சுத் திணறலுக்கு இடந்தருவதால், அதனினும் பெரிய அநியாயம். தெற்கு ஆஸ்திரேலியா 2021-ல் அவ்வுறையைச் சட்டத்தால் விலக்கியது. உடற்கட்டுப்பாட்டைத் தண்டனையாகவோ, ஆள் பற்றாக்குறையை மட்டும் காரணங்காட்டியோ பிரயோகிக்கலாகாதென்று நமது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் விதிக்கிறது. ஆகவே, செவிலியின் முகபாவம் நோயாளிக்குத் தெரியும்படியான ஒளி ஊடுருவும் கவசமும், கண் கழுவ அருகிலேயே குழாயும், இலவச ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியும், அஞ்சியவருக்கு எச்சிலால் எச்.ஐ.வி. பரவாதென்று அன்றே விளக்கும் வைத்தியரும் ஊழியர்களுக்குக் கிடைக்கச் சர்க்கார் தாமதமின்றி ஏற்பாடு செய்வதுடன், கிளர்ச்சியுற்ற நோயாளியிடம் எவரையும் தனியே அனுப்பலாகாதென்றும் உத்தரவிட வேண்டும்.